சமயம் கேட்காத நாட்டில் ஒரு செத்தவீடு

புதிதாகப் பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர்கள் யாருடைய துணையும் இல்லாமல் போய்வரப் பழகும் முதல் இடம் லாச்சப்பல்தான். இரண்டாம் இலக்க மெற்றோ இங்கே நிலத்துக்கு மேலே, தூண்களின்மீது ஓடுகிறது. படிகளால் இறங்கி போபூர் சென் டெனி வீதிக்குள் திரும்பினால் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் பனங்கட்டியும் கண்ணில் படும். ஊர்ப் பேச்சும் காதில் விழும். அரை மணித்தியாலத்துக்கு நாம் பிரான்சில் இருப்பது மறந்துபோகும்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேர் அங்கே போனது கறிக்குச் சாமான் வாங்க அல்ல. கார்ஜ் லே கொனெஸில் ஒரு செத்தவீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எண்பது வயதைத் தாண்டியவர், வியாழன் இரவு காலமாகிவிட்டார். அவரை நாம் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். லண்டனில் இருந்து வந்திருந்த அவருடைய தம்பியார் ரெலிபோனில் ஒரு பட்டியல் சொன்னார். தேங்காய், கற்பூரம், எள்ளு, அரப்பு, மஞ்சள், நவதானியம், பச்சையரிசி, நல்லெண்ணெய், வேட்டி. நாம் எழுதிக்கொண்டோம். கடையில் பாதிச் சாமானைக் கூடைக்குள் போட்டுவிட்ட நேரத்தில் மாஸ்டரின் மகள் அழைத்தார்.

"அண்ணை, சித்தப்பா சொன்ன சாமான் ஒண்டும் வாங்க வேண்டாம். அப்பா தனக்குக் கிரியை ஒண்டும் வேண்டாம் எண்டு எழுதி வைச்சிருக்கிறார். நீங்கள் சும்மா வாங்கோ."

ஒரு செத்தவீட்டுக்கு இரண்டு கட்டளை. எதைக் கேட்பது? எடுத்த சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தோம். கடைக்காரத் தம்பி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வெள்ளைப் பூக்கள் கொஞ்சம் மட்டும் வாங்கினோம்.

லாச்சப்பல் என்ற சொல்லுக்குச் சிறு தேவாலயம் என்று பொருள். வாரம் தவறாமல் சொல்லும் பெயர்தான், ஆனால் அதன் பொருளை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? இந்த இடம் 1860 ஆம் ஆண்டுவரை பாரிசுக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். அந்தக் கிராமத்துத் தேவாலயம் இன்றும் லாச்சப்பல் வீதியில் நிற்கிறது. 1429 இல் பாரிசைத் தாக்கப் புறப்படுமுன் ஜோன் ஒவ் ஆர்க் அங்கே செபம் செய்ததாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கும் அந்தப் பெயர் இப்போது ஒரு மெற்றோ நிலையத்தின் பெயர்தான்.

அங்கிருந்து சற்று நடந்தால் பஜோல் வீதியில் நமது மாணிக்க விநாயகர் ஆலயம். 1985 இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டி அதன் தேர் வெளியே வரும்போது பொலிசார் வீதியை மறித்துத் தருகிறார்கள், தேங்காய்கள் நடுவீதியில் உடைகின்றன. கரையில் நிற்கும் பிரெஞ்சுக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். யாரும் அவர்களைக் கும்பிடச் சொல்வதில்லை. விருப்பமில்லாதவர் தன் பாட்டில் நடந்து போகலாம்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. லாச்சப்பலில் இருந்து நடந்துபோகும் தூரத்தில், மொன்மார்த் குன்றின்மேல், வெள்ளைத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. அங்கே தொப்பியோடு நிற்கும் ஓர் இளைஞனின் சிலை உண்டு. ஷெவாலியே து லா பார் என்பது அவன் பெயர். கத்தோலிக்க ஊர்வலம் ஒன்று போகும்போது தொப்பியைக் கழற்றவில்லை என்பது அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1766 இல், இருபது வயதில், சித்திரவதைக்குப் பிறகு தலை வெட்டப்பட்டது. உடலையும், அவனிடம் இருந்த வோல்தேரின் புத்தகத்தையும் சேர்த்து எரித்தார்கள். அவனுக்கு எழுப்பிய முதற் சிலை 1941 இல் உருக்கப்பட்டது. இப்போது நிற்பது 2001 இல் வைத்தது. ஊர்வலத்துக்குத் தொப்பி கழற்றாதவனைக் கொன்ற நாடு, இன்று எங்கள் ஊர்வலத்துக்கு வீதியை விடுகிறது, அதற்குத் தொப்பி கழற்றாதவனையும் விடுகிறது. இரண்டும் ஒரே மாற்றத்தின் இரண்டு பக்கங்கள் என்பது நமக்கு அன்றைய பயணத்தில்தான் விளங்கியது.

கார் டு நோர் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். டி றெயின் எடுத்தால் நான்காவது தரிப்பு கார்ஜ் - சார்செல். பாதி வழியில் சென் டெனி வருகிறது. புனித டெனி தலை வெட்டப்பட்ட பின்பும் அந்தத் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு மொன்மார்த்தில் இருந்து நடந்து வந்தார் என்பது ஐதீகம். அவர் பெயரில் எழுந்த பேராலயத்தில்தான் பிரெஞ்சு மன்னர்களைப் புதைத்தார்கள். 1793 இல் புரட்சிக்காரர்கள் அந்தக் கல்லறைகளை உடைத்தார்கள். மன்னனும் மதகுருவும் ஒரே நாற்காலியின் இரண்டு கைபிடிகளாக இருந்த காலத்தின் முடிவு அது. அதன்பிறகும் ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் இழுபறிப்பட்டு, 1882 இல் அரச பாடசாலையில் இருந்து சமயபாடத்தை எடுத்தார்கள். 1905 மார்கழி 9 ஆம் திகதிச் சட்டம் அரசையும் தேவாலயத்தையும் பிரித்தது. அரசு எந்தச் சமயத்துக்கும் சம்பளம் கொடாது, எந்த வழிபாட்டையும் தடுக்காது என்பது அதன் சாரம்.

நாம் வந்த நாட்டில் நிலைமை வேறு. 1972 அரசியல் யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, 1978 யாப்பின் ஒன்பதாம் உறுப்புரை அதைத் திரும்பவும் எழுதியது. பாடசாலையில் சமயம் கட்டாய பாடம். சைவப் பிள்ளை ஒரு வகுப்புக்கு, கத்தோலிக்கப் பிள்ளை இன்னொரு வகுப்புக்கு. ஒரு சமயமும் இல்லாத பிள்ளைக்கு இருக்க இடம் இல்லை. இங்கே வந்த புதிதில் விண்ணப்பப் படிவங்களை நிரப்பும்போது, சமயம் என்ற கட்டத்தைத் தேடியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அது கிடையாது. 1872 க்குப் பிறகு இந்த நாட்டின் குடிசன மதிப்பில் அந்தக் கேள்வியே இல்லை.

ஆனால் விரும்பியவர் மட்டும் பதில் சொல்லும் ஆய்வுகள் உண்டு. அரச புள்ளிவிபர நிறுவனமும் குடித்தொகை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2019 - 2020 இல் நடத்திய ஆய்வில், 18 முதல் 59 வயதுவரையானவர்களில் நூற்றுக்கு 51 பேர் தமக்குச் சமயம் இல்லை என்றார்கள். பத்து ஆண்டுக்கு முன்னர் அது 45. பதினாறு வயதுக்குப் பிறகு வெளிநாட்டில் இருந்து வந்தவர்களிடம் 19 மட்டுமே. தாய் தகப்பன் இருவரும் வெளிநாட்டில் இருந்து வந்து, இங்கே பிறந்த பிள்ளைகளிடம் 26. நமது வீடுகளிலும் வந்துகொண்டிருக்கும் மாற்றத்தின் கணக்கு இது. சமயம் இல்லை என்பவர்களும் முற்றாக வெறுமையில் இருப்பவர்கள் அல்லர். சட்டப்படி வரும் பதினொரு விடுமுறைகளில் ஆறு கிறிஸ்தவத் திருநாட்கள். கோயிலுக்கே போகாதவர்களும் கார்த்திகை முதலாம் திகதியை ஒட்டி செவ்வந்திப் பூச்சட்டியோடு சேமக்காலைக்குப் போகிறார்கள். நம்பிக்கை போன வீட்டிலும் இறந்தவரை நினைக்கும் நாள் தங்கியிருக்கிறது.

கார்ஜ் - சார்செல் நிலையத்தில் இறங்கினால் உலகத்தின் பாதி அங்கே நிற்பதுபோல இருக்கும். வடஆபிரிக்கர், மாலிக்காரர், ஹெயிட்டிக்காரர், துருக்கியர், யூதர், பாண்டிச்சேரித் தமிழர், நாங்கள். சார்செல் பக்கத்தில் ஈராக்கிலும் துருக்கியிலும் இருந்து வந்த கல்தேயக் கிறிஸ்தவர்கள் 2004 இல் பெரிய தேவாலயம் ஒன்றைத் திறந்தார்கள். அது புனித தோமையாரின் பெயரில் இருக்கிறது. மயிலாப்பூரில் அடங்கியதாக நம் ஆட்கள் சொல்லும் அதே தோமையார். தலைக்கு முக்காடு, தலைக்குத் தொப்பி, வெறுந்தலை எல்லாம் ஒரே பேருந்தில் ஏறுகின்றன. அறுபதுகளில் எழுந்த மாடிக் கட்டடங்களில் ஒன்றின் ஏழாம் மாடியில் மாஸ்டரின் மகள் வீடு.

வாசலில் சப்பாத்துக்கள் குவிந்து கிடந்தன. உடல் வீட்டில் இல்லை. இந்த நாட்டு வழக்கப்படி பிரேத அறையில் இருந்தது. உள்ளே பெண்கள் ஓர் அறையில், ஆண்கள் ஓர் அறையில். தம்பியார் நம்மைக் கண்டவுடன் கேட்டார்.

"சாமான் எங்கை?"

நாம் பேசாமல் நின்றோம். மகள் ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து சித்தப்பாவின் கையில் கொடுத்தார். மாஸ்டரின் கையெழுத்து. ஐயர் வேண்டாம், கற்பூரம் வேண்டாம், சுண்ணம் இடிக்க வேண்டாம், எரித்தால் போதும், விரும்பியவர்கள் இரண்டு வார்த்தை பேசட்டும். கீழே திகதியும் ஒப்பமும்.

தம்பியார் கெட்டவர் அல்லர். தமையனைத் தகப்பனாக நினைத்தவர். "அண்ணை எழுதினது எழுதினதுதான். ஆனால் நாளைக்கு ஊரிலை என்ன சொல்லுவினம்? ஒரு தேவாரம் இல்லாமல் அனுப்பினது எண்டு என்னைத்தான் பேசுவினம்" என்றார். அவர் குரல் உடைந்தது. அறையில் இருந்த பெரும்பாலானோர் அவர் பக்கம்தான். உண்மையைச் சொன்னால் நாமும் பாதி அவர் பக்கம்தான் இருந்தோம். செத்தவருக்கு இனி என்ன தெரியப்போகிறது, இருப்பவர்களின் மனம் ஆறட்டுமே என்று நினைத்தோம்.

அப்போது பேத்தி, சட்டம் படிக்கும் பிள்ளை, மெதுவாகச் சொன்னாள். 1887 கார்த்திகை 15 ஆம் திகதி வந்த ஒரு சட்டம் இருக்கிறது. இறுதி நிகழ்வு சமயமுறைப்படி நடக்க வேண்டுமா, சமயம் இல்லாமல் நடக்க வேண்டுமா என்பதை அவரவரே முன்கூட்டித் தீர்மானிக்கலாம். இறந்தவரின் விருப்பத்துக்கு மாறாகத் தெரிந்துகொண்டே நடத்தினால் ஆறு மாதச் சிறையும் 7500 யூரோ தண்டமும் விதிக்கலாம். குடும்பத்துக்குள் இணக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் முடிவு சொல்லும்.

"அப்ப, பிள்ளை, என்னைப் பொலிசிலை பிடிச்சுக் குடுக்கப் போறியோ?"

"இல்லை, சின்னத் தாத்தா. அம்மப்பா கேட்டதைத்தான் சொல்லுறன்."

எல்லோரும் அடுத்த அறையைப் பார்த்தோம். மாஸ்டரின் மனைவி எழுந்து வந்து கதவடியில் நின்றார். நெற்றியில் திருநீறு. வெள்ளிக்கிழமைகளில் பஜோல் வீதிக் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். மாஸ்டரும் கூடவே போவார், ஆனால் உள்ளே போகமாட்டார். அவருடைய பையை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே நின்று பேப்பர் வாசிப்பார். மழை பெய்தாலும் பூசை முடியும்வரை நிற்பார். அதை நாம் எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம்.

"அம்பத்தைஞ்சு வருசம் நான் கோயிலுக்குப் போறதை அவர் ஒரு நாளும் மறிக்கேல்லை. அவரை நான் கடைசி நாளிலை மறிக்கிறதோ?" என்று அம்மா கேட்டார். பிறகு தம்பியாரிடம் திரும்பி, "தம்பி, நான் வீட்டிலை விளக்கேத்தித் தேவாரம் படிப்பன். நீயும் வந்து இரு" என்றார்.

அதற்குமேல் அங்கே பேச்சு இல்லை.

மாஸ்டரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் இளைஞராக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் டொக்டர் கோவூரின் பெயர் தெரியாதவர் குறைவு. கேரளத்தில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். பேயும் சூனியமும் உண்டென்று நிரூபித்துக் காட்டுவோருக்கு இலட்சம் ரூபா தருவதாகச் சவால் விட்டவர். 1978 இல் கொழும்பில் இறக்கும்வரை இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர். அவருடைய கட்டுரைகளை வாசித்துத்தான் தனக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் வந்தது என்று மாஸ்டர் சொல்வார்.

ஆனால் அவர் வாழ்க்கையின் பெரிய சம்பவம் ஒரு கோயில் வாசலில் நடந்தது. 1968 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தியது. ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகக்கூடாது என்று மறித்தவர்களுக்கு முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் தலைமை தாங்கினார். வெளியே உட்கார்ந்து போராடியவர்களில் பலர் பொதுவுடைமைக்காரர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். மாஸ்டரும் அவர்களோடு இருந்தார். தனக்கு வேண்டாத கோயிலின் கதவை மற்றவர்களுக்காக ஏன் தட்டினீர்கள் என்று நாம் ஒருமுறை கேட்டோம். "போகாமல் விடுறது என்ரை விருப்பம். போகவிடாமல் மறிக்கிறது மற்றவன்ரை அநியாயம். இரண்டும் ஒண்டில்லை" என்றார்.

செவ்வாய்க்கிழமை வில்தனூஸில் உள்ள ஜோன்ஷெரோல் மயானத்தின் எரிமண்டபத்தில் கூடினோம். நம் ஆட்களுக்குத் தெரியாத ஒரு கதை இங்கேயும் உண்டு. இந்த நாட்டில் நெடுங்காலமாகப் பிணத்தை எரிக்க முடியாது, புதைக்கத்தான் வேண்டும். எரிக்க உரிமை கேட்டு முன்னின்றவர்களில் பெரும்பகுதியினர் தேவாலயத்தை எதிர்த்த சுதந்திர சிந்தனையாளர்கள். 1886 இல் றோமாபுரி எரிப்பதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே, மேலே சொன்ன அந்த 1887 ஆம் ஆண்டுச் சட்டம் எரிக்கவும் வழி திறந்தது. 1889 இல் பெர் லாஷேஸ் மயானத்தில் முதல் உடல் எரிந்தது. கத்தோலிக்கத் திருச்சபை அந்தத் தடையை 1963 இல்தான் தளர்த்தியது. ஆக, இன்று ஒரு சைவக் குடும்பம் பாரிசில் தேவாரம் பாடித் தன் தகப்பனை எரிக்க முடிகிறதென்றால், அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களில் இந்த நாட்டு நாத்திகர்களும் உண்டு.

மண்டபத்தில் ஐயர் இல்லை. பேத்தி பிரெஞ்சில் பேசினாள், பழைய மாணவர் ஒருவர் தமிழில் பேசினார். பழைய மாணவர் பேசும்போது, புத்தகம் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு மாஸ்டர் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்ததை நாம் முதன்முறையாக அறிந்தோம். கிரியை நடந்திருந்தால் அந்தச் சத்தத்தில் இதைக் கேட்டிருப்போமா தெரியாது. நாம் கொண்டுபோன வெள்ளைப் பூக்களைப் பெட்டியின்மேல் வைத்தோம். பின்வரிசையில் தம்பியார் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். என்ன படித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சிக்கல் மிஞ்சியது. சாம்பலை என்ன செய்வது என்று மாஸ்டர் எழுதி வைக்கவில்லை. 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. அம்மா, கீரிமலைக்குக் கொண்டு போகலாமா என்று மகளிடம் கேட்டார். மகள் சற்று யோசித்துவிட்டு, "அப்பா வேண்டாமெண்டு எழுதேல்லைத்தானே" என்றார். பிரான்சுக்கு வெளியே அஸ்தியைக் கொண்டுபோகப் பிரிபெக்சரின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதற்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்குத் தம்பியாரும் மகளும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. கீரிமலைக்குப் போகும் வழியில்தான் மாவிட்டபுரம் இருக்கிறது.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். சமயம் இல்லாதவர் என்றால் பண்பாடு இல்லாதவர், பிள்ளைகளைக் கெடுப்பவர் என்று நம் வீடுகளில் பேசிப் பழகிவிட்டோம். கோயிலுக்கு வராத இளம்பிள்ளையை உறவுகளின் முன்னால் குறைசொல்கிறோம். பிள்ளை பொய்யாகக் கும்பிடக் கற்றுக்கொள்கிறது, அல்லது வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறது. இந்த நாட்டின் சமயச்சார்பின்மையும் குறையில்லாதது அல்ல. அரச பாடசாலையில் வெளிப்படையான சமயச் சின்னம் அணிவதைத் தடுத்த 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம்மேல் வைத்த பாரமாக உணரும் அயலவர் கார்ஜிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் நாம் கேட்க வேண்டும். ஆனால் நம்மைக் காக்கும் சட்டமும் அந்த வரிசையில் வந்ததுதான். அது கோயிலுக்குள் போகும் அம்மாவுக்கும், வெளியே பையோடு நிற்கும் மாஸ்டருக்கும் ஒரே அளவு இடம் விட்டிருக்கிறது. சட்டம் விட்ட அந்த இடத்தை நம் வரவேற்பறையில் நாம் விடவேண்டாமா?

ஒரு சிறு காரியம் செய்யுங்கள். உங்கள் விருப்பம் தேவாரமோ, செபமோ, ஒன்றுமில்லையோ, அதை ஒரு தாளில் உங்கள் கையால் எழுதி, திகதியிட்டு ஒப்பம் வைத்து, வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். சாம்பலைப் பற்றியும் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்போதே இதைக் கதைப்பது அபசகுனம் என்று நினைக்க வேண்டாம். மாஸ்டர் கதைக்காமல் எழுதி வைத்ததால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு வீடு கலங்கிப் போயிற்று.

முப்பத்தொன்று முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நாம் பஜோல் வீதியால் வந்தோம். கோயில் வாசலுக்கு வெளியே பேத்தி நின்றாள். தோளில் அம்மம்மாவின் பை. உள்ளே போகவில்லையா என்று கேட்டோம். இல்லை என்று தலையாட்டினாள். கையில் ஒரு சட்டப் புத்தகம் விரித்தபடி இருந்தது.